வெந்நீரின் சூட்டுக்கு எல்லை



பாய்லர் என்ற சொல்லைக் கேட்டதும் புக்கிட் செலம்பாவ் வட்டாரத்தில் உள்ளவர்களுக்குப் பாமாயில் ஆலைதான் நினைவுக்கு வரும். செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் அந்தப் பெரிய இரும்புக் கொதிகலனை நம்மில் பலர் தூரத்திலிருந்தாவது பார்த்திருக்கிறோம். அதை இயக்குவதற்குச் சான்றிதழ் பெற்ற ஆள் வேண்டும். சோதிக்க அதிகாரிகள் வருவார்கள். அழுத்தத்தைக் காட்டும் முள் எப்போதும் கண்முன் இருக்கும். அதன் சிறிய தம்பி ஒருவன் நம் வீட்டுக் குளியலறைச் சுவரிலோ கூரைக்கடியிலோ உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு முள்ளும் இல்லை, சோதிக்க வருபவரும் இல்லை. வெந்நீர்க் கருவி என்றும் ஹீட்டர் என்றும் நாம் சொல்லும் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். அதில் நீர் எவ்வளவு சூடாகலாம், அந்த எல்லையை யார், எப்படி வைப்பது என்பதே நம் கேள்வி.

லயத்து வீடுகளில் வாழ்ந்த காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. தீபாவளிக்கு விடியுமுன் கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்து, ரப்பர் விறகை மூட்டி, மண்ணெண்ணெய் டின்னில் நீர் காய்ச்சுவார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். பாட்டி வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, பிறகு கொதிநீரைச் சேர்த்து, கையை விட்டுப் பார்த்து விளாவுவார். விளாவுதல் என்பது நல்ல தமிழ்ச் சொல். கை பொறுக்கும் சூடு, பதமான சூடு என்றெல்லாம் நாம் சொல்வது அந்தக் கையின் அளவுகோலைத்தான்.

திறந்த பாத்திரத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் அதில் நீர் 100 டிகிரி செல்சியசைத் தாண்டாது. மிஞ்சிய வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் உச்சியிலே காய்ச்சினால் ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதுமட்டுமன்று, திறந்த பாத்திரம் தன் சூட்டைக் கண்ணுக்குக் காட்டும். ஆவி எழும், குமிழி விடும், சலசலக்கும். பிள்ளைகள் தாமாகவே விலகி நிற்பார்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம்மவர் தாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. மூடிய கலத்தில் காய்ந்த நீர் குழாய் வழியே ஓசையின்றி வருகிறது. 40 டிகிரி நீரும் 70 டிகிரி நீரும் குளியலறையில் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் இரண்டு வாரம் கழித்து வந்தான். தோளிலும் முதுகிலும் கட்டு. விசாரித்தபோது அவன் சொன்ன சொல் இன்னும் நம் காதில் இருக்கிறது: "சார், தண்ணி பார்க்கச் சாதாரணமாத்தான் இருந்திச்சு." அவர்கள் வீட்டில் 30 லிட்டர் கொள்ளும் சேமிப்புக் கருவி இருந்தது. தீபாவளிக்கு உறவினர் வந்திருந்தார்கள். ஒன்பது பேர் குளிக்க வேண்டும். வெந்நீர் எல்லாருக்கும் காணட்டும் என்று வீட்டிலுள்ள பெரியவர் திருகுக் குமிழைக் கடைசிவரை திருப்பி வைத்துவிட்டார். பையன் ஒற்றைக் கைப்பிடிக் குழாயை வெந்நீர்ப் பக்கமாக முழுவதும் தள்ளிவிட்டான்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் போட்ட கணக்கு சரியான கணக்குத்தான். நம் ஊர்க் குழாய் நீர் ஏறக்குறைய 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி வேண்டும். கலத்திலுள்ள 30 லிட்டர் 60 டிகிரியில் இருந்தால், அதை விளாவி ஏறக்குறைய 76 லிட்டர் குளிநீர் செய்யலாம். 75 டிகிரியில் இருந்தால் 110 லிட்டர் கிடைக்கும். சூட்டைக் கூட்டினால் கலம் பெரிதானது போலாகிறது. ஆனால் அந்த 34 லிட்டர் லாபத்துக்கு நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. 3 கிலோவாட் கருவி 30 லிட்டரை 27-இலிருந்து 60-க்குக் கொண்டுவர 23 நிமிடம்தான் எடுக்கும். மூன்று பேர் குளித்தபின் அரை மணி நேரம் பொறுத்தால் கலம் மறுபடி நிறைந்த சூட்டில் இருக்கும். பொறுப்பதற்கு நேரம் இல்லாத நாள் தீபாவளி என்பதுதான் சங்கடம்.

சூடு தோலை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்து 1947-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பன்றியின் தோலிலும், தாமாக முன்வந்த மனிதர்களின் தோலிலும் சோதித்தார்கள். நீர் 44 டிகிரியில் இருந்தால் தோல் கெட ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 49 டிகிரியில் சுமார் 10 நிமிடம். 54 டிகிரியில் அரை நிமிடம். 60 டிகிரியில் 5 வினாடி. 70 டிகிரியில் ஒரு வினாடிகூட வேண்டாம். இந்த வரிசையைக் கவனியுங்கள். 44-க்கும் 60-க்கும் இடையே இருப்பது 16 டிகிரிதான். ஆனால் 6 மணி நேரம் 5 வினாடியாகச் சுருங்கிவிடுகிறது. கொஞ்சம் கூடினால் கொஞ்சம்தானே சுடும் என்று நாம் நினைப்பது அடிப்படையிலேயே தவறு. இவையெல்லாம் வளர்ந்தவர் தோலுக்கான அளவுகள். பிள்ளைகளின் தோல் மெல்லியது. இன்னும் விரைவாக வெந்துபோகும்.

முதியவர் சங்கதி வேறு. நீரிழிவு நோய் நம் நாட்டில் மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே அதிகம் என்பது நமக்குத் தெரிந்ததே. நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதத்திலே உணர்ச்சி மங்கிவிடும். சுடுநீரில் கால் வைத்துக்கொண்டு இதமாக இருக்கிறது என்பார்கள். மாலையில் கொப்புளத்தைப் பார்த்தபின்தான் தெரியும். அந்தப் புண் எளிதில் ஆறாது. ஆகவே பாட்டியின் கையை அளவுகோலாகக் கொண்ட நாம், அந்தப் பாட்டிக்கே நீரிழிவு வந்துவிட்டால் வேறு அளவுகோல் தேட வேண்டியிருக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அங்கே சியாட்டில் நகர மருத்துவர்கள் குழாய் வெந்நீரால் வெந்துபோய் வரும் பிள்ளைகளைக் கண்டு, வீடுவீடாகக் குழாய் நீரை அளந்தார்கள். 1977-இல் ஐந்து வீட்டில் நான்கு வீட்டின் நீர் 54 டிகிரிக்கு மேல் இருந்தது. 1983-இல் அம்மாநிலம் ஒரு சட்டம் செய்தது: புதிய கருவிகளைத் தொழிற்சாலையிலேயே 49 டிகிரிக்கு வைத்து அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் விரும்பினால் கூட்டிக்கொள்ளலாம், தடையில்லை. ஐந்தாண்டு கழித்து அளந்தபோது 77 விழுக்காட்டு வீடுகள் 54-க்குக் கீழே வந்திருந்தன. மருத்துவமனைக்கு வரும் பிள்ளைகளின் தொகையும் குறைந்தது. பெரும்பாலோர் குமிழைத் தொடுவதே இல்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. வந்தபடியே வைத்திருப்பார்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான்.

அப்படியானால் 49-க்கு வைத்துவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். சேமிப்புக் கலத்தைப் பொறுத்தவரை போதாது. அதற்குக் காரணம் இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பெரிய ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர் மாநாடு நடந்தது. கலைந்து வீடு போனவர்களில் பலர் கடுமையான நிமோனியாவில் விழுந்தார்கள். மொத்தம் 221 பேர் நோயுற்று, 34 பேர் இறந்தார்கள். சில மாதம் கழித்து, 1977 ஜனவரியில், ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் அதற்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டுபிடித்தார். லெஜியனெல்லா என்று அதற்குப் பெயரிட்டார்கள். அது நீரில் வாழ்வது. 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சூட்டில் பெருகும். 60 டிகிரியில் தாங்காமல் மடியும். அது கலந்த நீரைக் குடிப்பதைவிட, பூத்தூவலாகத் தெளிக்கும் நீரின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதே ஆபத்து. குளியலறைப் பூவாளிக் குழாய் செய்வது அதைத்தான்.

ஆகவே நமக்கு எதிரெதிரான இரண்டு எல்லைகள் கிடைத்திருக்கின்றன. கலத்தில் 60 டிகிரிக்குக் குறையக்கூடாது. உடம்பில் படும் இடத்தில் 50-ஐத் தாண்டக்கூடாது. இரண்டையும் ஒரே குமிழால் நிறைவேற்ற முடியாது. வழி என்னவென்றால், கலத்தை 60-இல் வைத்துவிட்டு, அதிலிருந்து வெளியே வரும் குழாயிலே ஒரு கலப்பு வால்வைப் பொருத்துவது. பச்சைத் தண்ணீரும் வெந்நீரும் அதற்குள் சந்திக்கும். உள்ளேயிருக்கும் மெழுகுத் துண்டு சூட்டுக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் இரண்டின் அளவையும் மாற்றிக்கொண்டே இருக்கும். பச்சைத் தண்ணீர் நின்றுபோனால் வெந்நீரையும் அடைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் சேமிப்பது 60-க்குக் குறையாமலும், குளியலறைக்கு வருவது 50-க்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. பாட்டி விளாவியதை ஒரு சிறு பித்தளைக் குடுவை செய்கிறது, அவ்வளவுதான்.

கூரைமேல் சூரிய வெப்பக் கருவி வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். வெயிலுக்குக் குமிழ் கிடையாது. நல்ல வெயில் நாளில் பிற்பகலில் அந்தக் கலத்து நீர் 70-ஐத் தாண்டிவிடும். அங்கே கலப்பு வால்வு இல்லாமல் இருப்பது, பிள்ளைகள் உள்ள வீட்டில், நம் கருத்துப்படி பெருந்தவறு.

இனி, கலத்துக்குள்ளே எல்லையைக் காப்பவர்கள் யார் என்று பார்ப்போம். முதல் காவலன் தெர்மோஸ்டாட். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டை போடுவதை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டையைக் காய்ச்சினால் விரியும். மரச் சக்கரத்தில் மாட்டிக் குளிரவைத்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எல்லா உலோகமும் ஒரே அளவில் விரிவதில்லை. அதிகம் விரியும் உலோகத்தையும் குறைவாக விரியும் உலோகத்தையும் முதுகோடு முதுகாக ஒட்டிவைத்தால், சூடேறும்போது அந்தத் தகடு ஒரு பக்கமாக வளையும். வளைந்து மின்சாரத் தொடர்பைப் பிரித்துவிடும். நீர் ஆறினால் நிமிர்ந்து மறுபடி சேர்க்கும். குமிழைத் திருப்பும்போது நாம் செய்வதெல்லாம், அது எவ்வளவு வளைந்தால் பிரிய வேண்டும் என்பதை மாற்றுவதுதான். சில டிகிரி இப்படியும் அப்படியும் இருக்கும். வெந்நீர் மேலே மிதப்பதால் கலத்தின் உச்சியில் சூடு இன்னும் சற்று அதிகமாக இருக்கும். குமிழில் உள்ள எண்ணை வேதவாக்காகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இவையே காரணம். பல கருவிகளில் டிகிரியே எழுதியிருக்காது. குறைவு, அதிகம் என்று இரு முனையில் குறி மட்டும் இருக்கும்.

முதல் காவலன் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால்? இரண்டாம் காவலனாக ஒரு வெட்டுச் சுவிட்ச் இருக்கிறது. அது ஒருமுறை விழுந்தால் தானாக எழாது. ஆள் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். அடிக்கடி விழுகிறதே என்று அலுத்துக்கொண்டு அழுத்திக்கொண்டே இருப்பது, குலைக்கிற நாயின் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

மூன்றாவது, பாதுகாப்பு வால்வு. நீர் சூடானால் பெருகும். 27-இலிருந்து 60-க்குப் போகும்போது 30 லிட்டர் நீர் ஏறக்குறைய 400 மில்லி கூடிவிடும். அதற்கு இடம் வேண்டும். மேலும், மூடிய கலத்தில் அழுத்தம் ஏற ஏற நீர் 100-ஐத் தாண்டியும் கொதிக்காமல் நீராகவே நிற்கும். நம் அடுப்படியில் பிரஷர் குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி இருப்பது இப்படித்தான். அந்த நிலையில் கலம் வெடித்துத் திறந்தால், நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகும். ஆவிக்கு நீரைப்போல ஆயிரத்தறுநூறு மடங்கு இடம் வேண்டும். வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஒருங்கே பார்க்கும் வால்வு 99 டிகிரியிலேயே திறந்து நீரை வெளியே விடுவது இதற்காகவே. அது சொட்டுகிறது என்று மரக்கட்டையைச் செதுக்கி அடைத்துவைத்த வீட்டை நாம் பார்த்திருக்கிறோம். பாமாயில் ஆலையில் அப்படி எவராவது செய்தால் மறுநாள் அவருக்கு வேலை இருக்காது. வீட்டில் செய்தால் கேட்பார் இல்லை.

நம்மில் அதிகம் பேர் வைத்திருப்பது கலம் இல்லாத, குழாய் திறந்தால் உடனே காய்ச்சித் தரும் சிறிய கருவி. அதில் நீர் தேங்காததால் கிருமி பற்றிய கவலை குறைவு. ஆனால் அங்கே எல்லையை வைப்பது குமிழ் மட்டுமன்று, நீரின் ஓட்டமும்தான். 3.6 கிலோவாட் கருவி ஒன்று நிமிடத்துக்கு 3 லிட்டர் ஓடினால் நீரை 17 டிகிரி உயர்த்தும். 27 என்பது 44 ஆகும். ஓட்டம் 2 லிட்டராகக் குறைந்தால் 53 ஆகும். ஒன்றரை லிட்டரானால் 61. கருவியை யாரும் தொடவில்லை. பின்கட்டில் ஒருவர் துணி துவைக்கக் குழாயைத் திறந்தார், அவ்வளவே. பெருநாள் காலையில் தாமான் முழுவதும் ஒரே நேரத்தில் குளிக்கும்போது அழுத்தம் குறைவதை நாம் அறிவோம். ஓட்டம் குறைந்தால் மின்சாரத்தை நிறுத்தும் அமைப்பும், சூடு மிஞ்சினால் வெட்டும் அமைப்பும் நல்ல கருவிகளில் உண்டு. பழைய கருவியில் அவை உயிரோடு இருக்கின்றனவா என்பதை அளந்துதான் அறிய முடியும்.

கருவிக்குள் மின்சாரமும் நீரும் அருகருகே இருப்பதால் இன்னொரு சொல். கசிவு மின்சாரத்தை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச், நனைந்த இடத்துக்குரிய 10 மில்லியாம்பியர் அளவுடையதாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறை. வீட்டு வாயிலில் உள்ள 100 மில்லியாம்பியர் சுவிட்ச் குளிக்கும் மனிதனைக் காப்பாற்றாது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்; விழ வேண்டும். விழவில்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள்.

குளிர்நாடுகளில் பாய்லர் குளிப்பதற்கு மட்டுமன்று, வீட்டையே சூடாக்குகிறது. லண்டனில் குடியேறிய நம் பிள்ளைகளின் வீட்டுச் சமையலறைச் சுவரில் இதைக் காணலாம். அதில் இரண்டு குமிழ்: ஒன்று குழாய் நீருக்கு, மற்றது அறைகளில் உள்ள இரும்புச் சட்டங்களுக்குப் போகும் நீருக்கு. புதுவகை எரிவாயுப் பாய்லரில் திரும்பி வரும் நீர் ஏறக்குறைய 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையிலுள்ள நீராவி குளிர்ந்து தன் வெப்பத்தைத் திருப்பித் தரும். சூடு அதிகமாக வைத்தால் அந்த வெப்பம் புகைபோக்கி வழியே போய்விடும், காசும் போகும். 2022 முதல் இங்கிலாந்தில் புதிதாக அமைக்கும் வீட்டு வெப்ப முறைகளை 55 டிகிரிக்கு மிகாமல் வடிவமைக்க வேண்டும் என்பது விதி. அங்கே எல்லை சிக்கனத்துக்காக, நமக்கோ தோலுக்காக.

அளப்பது கடினமன்று. சமையலுக்குப் பயன்படும் வெப்பமானி ஒன்று போதும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியை வைக்காதீர்கள். அது 42 டிகிரிவரைதான், கண்ணாடியாக இருந்தால் வெடித்து இரசம் சிதறும். குமிழை வழக்கமாக வைக்கும் இடத்தில் வைத்து, வெந்நீரை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஒரு குவளையில் பிடித்து அளக்க வேண்டும். பிறகு குழாயைப் பாதியாகக் குறைத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டாவது எண்தான் முக்கியம். குமிழை மாற்றினால் அன்றைக்கே முடிவு கட்டாமல், கலம் ஆறிச் சூடாக ஒரு பொழுது விட்டுப் பாருங்கள்.

அப்படியும் எவருக்காவது சுடுநீர் பட்டுவிட்டால், துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகின்ற பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பற்பசை, கிச்சாப், மை, நெய் எதுவும் வேண்டாம். பனிக்கட்டியும் வேண்டாம். பிறகு கிளினிக்கோ மருத்துவமனையோ.

அந்தப் பையனின் தந்தை பிறகு ஒருநாள் நம்மைத் தேடி வந்தார். பள்ளி அறிவியல் அறையிலிருந்து வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். குமிழ் இன்னும் கடைசியில்தான் இருந்தது. குவளையில் 73 டிகிரி. பாதிக்குத் திருப்பினோம். மறுநாள் 58, சற்றே கூட்டியபின் 61. மாதக் கடைசியில் மின்பணியாளரோடு குழாய்க்காரரும் வந்து கலப்பு வால்வைப் பொருத்தினார்கள். பூவாளியின் கீழ் 46 வந்தது. அதையும் குறைக்கலாமா என்று தந்தை கேட்டார், குறைத்து 43-இல் நிறுத்தினார்கள். குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் பையனின் அக்காள் தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். அடுத்த தீபாவளிக்கு அவர்கள் வீட்டில் முதல் ஆள் விடியற்காலை நான்கு மணிக்கே குளித்துவிட்டாராம்.